பதினாலு ஆணிக் கடை

"வாஷிங்டன் சட்டம் என் கடைக்குள்ள காலெடுத்து வைக்காது. பதினஞ்சு பேரு இருந்தாத்தான் அதுக்குக் கண்ணே தெரியும். என்கிட்ட பதினாலு. சாகுறவரைக்கும் பதினாலுதான்."

தன் உணவுக் கடையில் விலா எலும்புக் கறியை வெட்டிக்கொண்டே ஹாலிஸ் டிட்மோர் இதைச் சொல்வார். அலபாமாவில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது சாஸ் மாதிரி. கேட்காமலே தட்டில் விழும். கர்ப்பிணியை வேலையை விட்டு அனுப்பாதே, மதம் பார்த்து ஆள் எடுக்காதே என்கிற கூட்டாட்சிச் சட்டங்களெல்லாம் பதினைந்தாவது ஆள் வந்த பிறகே முதலாளியைக் கட்டுப்படுத்தும். அவர் படித்துத் தேறிய ஒரே சாஸ்திரம் அது.

சாட்சி, எங்கள் மேசையிலிருந்தே தெரியும் சமையலறைச் சுவரில் பதினான்கு ஆணி, ஆளுக்கொன்றாகப் பதினான்கு ஏப்ரன். காலையில் தளபதி படையைப் பார்வையிடுவதுபோல் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பார். ஒருவர் வேலையை விட்டு நின்றால்தான் அந்த ஆணி அடுத்தவருக்கு.

கால்பந்துச் சனிக்கிழமைகளில் வரிசை சாலைவரை நீளும். ஆள் சேர்க்கமாட்டார், தானே தட்டு கழுவுவார். முதலாளி தலைக்கணக்கில் வரமாட்டாராம்.

"சட்டத்துக்குப் பயந்து பாத்திரம் தேய்க்கிற ஒரே சுதந்திர மனுஷன் நீதான்பா" என்றார் பாதிரியார் லாமர்.

"பயம் இல்லீங்க, கொள்கை" என்றார் ஹாலிஸ், முழங்கைவரை நுரையுடன்.

அந்தக் கொள்கைக்குச் சோதனையாக வந்தவள் பரிமாறும் ரெனீஷா. எட்டு வருடப் பழக்கம். ஏப்ரனின் கயிறு எட்டாமல் போகும்வரை வயிற்றை மறைத்துப் பார்த்தாள். பிறகு கல்லாவுக்கு முன் வந்து நின்றாள்.

"மிஸ்டர் ஹாலிஸ், பிரசவத்துக்கு மூணு மாசம் போயிட்டு வந்தா என் வேலை இருக்குமா?"

"வச்சிருக்கணும்னு எந்தச் சட்டமும் என்னைக் கேக்க முடியாதும்மா."

"தெரியும். நீங்கதான் தினம் சொல்றீங்களே."

அன்று அவர் வெட்டிய கறி எல்லாம் கோணல். ஒருவரும் புகார் செய்யவில்லை.

ரெனீஷா விடுப்பில் போன மறு திங்கட்கிழமை, அவள் இடத்துக்கு ஒரு புதுப் பெண் வந்தாள். கையில் ஏப்ரனை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். ரெனீஷாவின் ஏப்ரன் இன்னும் அதன் ஆணியில் தொங்கியது. நாங்கள் மெல்வதை நிறுத்தினோம். ஹாலிஸ் எழுந்து அதனருகே போனார். கசங்கியிருந்த அதன் கயிற்றை நீவிவிட்டார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வரிசையின் கடைசியில், சுத்தியலால் மெதுவாக ஓர் ஆணி அடித்தார்.