கிலோவுக்கு ஒரு காய்

என் வீட்டுக்காரருடைய கைச்சுற்று எனக்கு மனப்பாடம். குவைத்திலிருந்து மொத்தமாகத் திரும்பி வந்த மாதம் பதின்மூன்றரை இஞ்சு. கடைசியாக எடுத்தபோது பத்து. இரண்டுக்கும் இடையில் நடந்ததெல்லாம் என் அளவு நோட்டிலேயே இருக்கிறது. கீரனூரில் வீட்டோடு தையல் கடை வைத்திருக்கிறேன். ஊரார் உடம்பை அளப்பதுதான் என் பிழைப்பு.

குவைத்தில் அவருக்கு ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. பத்தொன்பது வருஷம் தூக்கியிருக்கிறார். வந்த முதல் வாரமே தெருக்குழாய்க்குக் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் ஓடிப்போய்ப் பிடுங்கினேன்.

“ஏன் புள்ள, ஒரு கொடந்தானே?”

“வெளிநாட்டுல சம்பாரிச்சுப் போட்ட மனுசனத் தண்ணி தூக்க விட்டுட்டான்னு ஊரு என்னையத்தான் பேசும். குடுங்க இங்கிட்டு. போயி உக்காருங்க.”

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். வெளிநாட்டிலிருந்து திரும்பின ஆம்பிளையை ஒரு துரும்பைக்கூட அசைக்க விடமாட்டோம். பிளாஸ்டிக் நாற்காலி, டிவி, செல்போன், இருந்த இடத்துக்கே டம்ளர். அதுதான் மரியாதை. பையைக்கூட நான்தான் தூக்குவேன். அவர் உட்கார்ந்தார். மூன்று வருஷம் உட்கார்ந்தார். தொப்பை வந்தது. வீட்டுச் சாப்பாடு உடம்பில் ஒட்டுகிறது என்று எனக்குப் பெருமை வேறு. சட்டையில் வயிற்றுப் பக்கம் உள்ளே விட்டிருந்த துணியைப் பிரித்துப் பிரித்துத் தைத்துக் கொடுத்தேன்.

அப்புறம் ஒருநாள் வலது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது என்றார். ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் கொழுப்பு, கூடவே சர்க்கரை. சாராயத்தை ஒரு சொட்டுத் தொடாத மனுஷன். ஈரல் என்றதுமே தெருவில் ஒரு மாதிரி சிரித்தார்கள். ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி, “அங்க போயிக் குடிச்சிருப்பாரு, ஒனக்கு எங்க தெரியும்” என்றாள். மண்ணெண்ணெய் கேனை அங்கேயே போட்டுவிட்டு அவளோடு சண்டை போட்டேன். என் கோபம் ஊருக்குத் தெரிந்ததுதான்.

டாக்டர் சீட்டில் இரண்டு வரி எழுதியிருந்தார். எடையைக் குறைக்கணும். உடம்புக்கு வேலை கொடுக்கணும். நான் முதல் வரியை மட்டும் பிடித்துக்கொண்டேன். ஈரல் கெட்டவரை வேலை செய்யச் சொல்வதாவது என்று இரண்டாவதை விட்டுவிட்டேன்.

மறுநாளே எடை மெஷின் வாங்கினேன். எண்பத்து நாலு காட்டியது. ரோட்டோரப் பிள்ளையாரிடம் போய், குறைகிற கிலோவுக்கு ஒரு காய் சிதறுகாய் போடுவதாக வேண்டிக்கொண்டேன். வீட்டில் முட்டை நின்றது, மீன் நின்றது, பருப்புகூட கனம் என்று நின்றது. காலையில் கீழாநெல்லி, மத்தியானம் கஞ்சி, பொழுது சாய்ந்தால் சுரைக்காய். அவர் முகம் சுளிக்காமல் குடித்தார். என்ன கொடுத்தாலும் குடிக்கிறவர் அவர்.

அவருடைய அக்கா, என் நாத்தனார், அன்னவாசலிலிருந்து வந்தபோது தட்டைப் பார்த்துவிட்டுக் கத்தினார். “ஏத்தா, பட்டினி போட்டே எந்தம்பியக் கொன்னுருவ போலருக்கே. ஒரு முட்டைய அவிச்சுக் குடுத்தா என்ன?”

“மதினி டாக்டருக்குப் படிச்சுருக்காக, தெரியாமப் போச்சு” என்றேன். நாத்தனார் அன்றைக்குச் சாப்பிடாமலே பஸ் ஏறிப் போனார்.

எடை இறங்கியது. கிலோ குறையக் குறையப் பிள்ளையார் முன்னால் வீட்டுக்காரர் தன் கையாலேயே காய் போட்டார். முதல் காய் சுக்குநூறாகத் தெறித்தது. ஏழாவது காயை எறிந்தபோது அது கல்லில் மோதி, உடையாமல் உருண்டு என் காலடிக்கு வந்தது. மறுபடி எறிந்தார். மறுபடியும் உருண்டது.

“காயி முத்தல் போலருக்கு புள்ள” என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். காயை வாங்கி ஓங்கி ஒரு போடு போட்டேன். உடைந்துவிட்டது. அதற்குப் பிறகும் எனக்கு உறைக்கவில்லை. எட்டும் ஒன்பதும் நானே உடைத்தேன்.

இதில் என்னால் இன்றுவரை என்னை மன்னிக்க முடியாதது இன்னொன்று. அந்த மாதங்களில் அவர் சட்டைகளுக்குக் கை தொளதொளத்தது. ஒவ்வொன்றாக வாங்கிக் கையை உள்ளே பிடித்துத் தைத்தேன். பன்னிரண்டு, பதினொன்றரை, பத்தரை. வயிற்றுப் பக்கம் மட்டும் பொத்தான் எப்போதும்போல இழுத்துக்கொண்டுதான் நின்றது. அங்கே ஒரு இஞ்சு குறைந்திருந்தால் அதிகம். ஒரு சட்டையில் கையைப் பிடித்து இடுப்பை விட்டுவைக்கிறோமே, இது என்ன உடம்பு என்று ஒரு தையல்காரிக்குத் தோன்ற வேண்டாமா? எடை மெஷின் காட்டிய எழுபத்தைந்தைப் பார்த்துத் தெருவுக்குக் கேசரி கிண்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

திருச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பின அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. பஸ் படியில் ஒரு காலை வைத்தார், அடுத்த கால் எழும்பவில்லை. கம்பியைப் பிடித்த கையும் நழுவியது. கண்டக்டர், “சீக்கிரம் ஏறுங்க சார்” என்று விசிலை வாயில் வைத்தார். பின்னால் நின்ற நான் முதுகைக் கொடுத்துத் தாங்கினேன். கல்யாணத்துக்குப் போகவில்லை. நேராக ஈரல் டாக்டரிடம் போனோம்.

அந்தம்மா அவர் கையில் பலம் பார்க்கிற பிடி ஒன்றைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் ஐந்து தரம் எழுந்து உட்காரச் சொன்னார். இரண்டாவது தரமே அவருக்கு மூச்சு வாங்கியது. அப்புறம் அந்தம்மா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு இஞ்சு டேப்பை எடுத்தார். என் கழுத்தில் தினமும் தொங்குகிற அதே மஞ்சள் டேப். கையைச் சுற்றினார். அளவைப் படித்துச் சொல்வதற்கு முன்னால் நான், “ஒம்பதரை” என்றேன். அந்தம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“கைகால் சதைதாம்மா சாப்பாட்டுல வர்ற சர்க்கரைய வாங்கிச் செலவு பண்ற எடம். அது வத்திப்போனா மிச்சம் திரும்பி ஈரல்லதான் கொழுப்பாச் சேரும். ஈரல் தளர்ந்தா, அது சுத்தம் பண்ண வேண்டியதுல கொஞ்சத்த சதைதான் ஏத்துக்கிட்டுத் தாங்கும். இவருக்குத் தொப்பை அப்படியே இருக்கு, சதை போயிருச்சு. எடை கொறைஞ்சது சரி, எது கொறைஞ்சதுன்னு பாக்கணும்ல.”

ஈரல் இறுகிப்போயிருந்தது. இனிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சதை ஏற்றினால் தாங்கும், பார்க்கலாம் என்றார். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டபோது கஞ்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்காரரே சொன்னார், “எனக்குப் பசிக்காது டாக்டர், அதான் சாப்புடல.” இத்தனை வருஷத்தில் அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அதுதான்.

அன்றிலிருந்து வீடு தலைகீழானது. காலையில் முட்டை, பொழுது சாய கொண்டைக்கடலை, மீமிசலிலிருந்து வண்டியில் வருகிறவரிடம் தினம் மீன். நாற்காலியிலிருந்து பத்து தரம் எழுந்து உட்காருவார், நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு எண்ணுவேன். முதலில் ஒரு சொம்பு, அப்புறம் கால் குடம் என்று குழாயடிக்கு அனுப்பினேன். தெரு வாசலில் நின்று பார்த்தது. பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். மூன்று மாதத்தில் அரைக் குடம் தூக்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் வந்து இறக்கினார். டேப்பைச் சுற்றினேன். பத்து. சட்டையில் நான் பிடித்த தையலைப் பிரித்துக் கொஞ்சம் விட்டேன். ஒரு தையலைப் பிரிக்கும்போது அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததே இல்லை.

“காயி ஒண்ணு வாங்கி வையி புள்ள. இன்னொரு அரை இஞ்சு ஏறட்டும், ஒரே போடு. அந்தப் புள்ளையாரே காதப் பொத்தணும்” என்றார்.

நல்ல காயாகப் பார்த்து வாங்கி அடுப்படி அலமாரியில் வைத்தேன்.

அந்த அரை இஞ்சு ஏறவில்லை. சாதாரணச் சளியும் காய்ச்சலும்தான் வந்தது. நெஞ்சில் இறங்கி, கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. தாங்குவதற்கு உடம்பில் இருப்பு இல்லை என்று அந்தம்மா சொன்னார். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தார். அதுவரை ஒருநாளும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அந்தக் கடைசி இரண்டு நாள் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினபோது, தலைமாட்டில் விளக்கு வைக்க யாரோ தேங்காய் கேட்டார்கள். நாத்தனார் உள்ளே போய் அந்தக் காயை எடுத்து வந்துவிட்டார். அரிவாளை ஓங்கும்போதுதான் பார்த்தேன்.

“அத வச்சுருங்க! அது அவரு ஒடைக்க வேண்டிய காயி!”

வீடே திரும்பிப் பார்த்தது. கடைக்கு ஆள் போய் வேறு காய் வாங்கி வந்தார்கள். நாத்தனார் அந்தக் காயை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று இருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. என் முதுகைத் தடவிக்கொடுத்து, “அழுகாத. கடைசியில நல்லாத்தானத்தா சோறு போட்ட” என்றார்.

“கடைசியிலதான் போட்டேன் மதினி” என்றேன்.