தாள் வீடும் வாய் வீடும்

பள்ளிக்கூடத்தின் இந்த வாரத் தாளில் குலசிங்கத்தாருக்கு இரண்டு வரி கொடுத்திருக்கிறார்கள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "எமது பியோன் குலசிங்கம் சென்ற செவ்வாய்க்கிழமை சல்லிக் கிராமத்தில் காலமானார். இறுதிவரை விசுவாசமாகப் பணியாற்றியவர்." அதற்குக் கீழே, வரப்போகும் நாடுகள் தின விழாவுக்குப் பிள்ளைகள் வெள்ளைச் சப்பாத்துப் போட்டு வரவேண்டும் என்ற அறிவித்தல். சப்பாத்துக்கு ஐந்து வரி.

இறுதிவரை என்பது பொய். அந்த மனிதரை அவர்கள் வேலையால் நிறுத்தி மூன்று வருடமாகப் போகிறது. செத்த பிறகு மறுபடியும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. செத்தவர் சம்பளம் கேட்கமாட்டார், எதிர்த்துக் கதைக்கவும் மாட்டார்.

அவர் யார், என்ன செய்தார் என்று அந்தத் தாள் எழுதாது. நான் எழுதுகிறேன்.

திருகோணமலையில் கப்பல்துறை மதிலை ஒட்டி இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தை ஊரில் எல்லோரும் எல்லாநாட்டுப் பள்ளிக்கூடம் என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலேயப் பிள்ளைகள், பறங்கிப் பிள்ளைகள், சீனத் தச்சர்களின் பிள்ளைகள், மலாயாவிலிருந்து யுத்தத்துக்குத் தப்பி வந்த பிள்ளைகள், இவர்களோடு கப்பல்துறையில் வேலை செய்யும் எங்கள் ஆட்களின் பிள்ளைகளும் படித்தார்கள். என் கணவர் கப்பல்துறையில் கிளாக்கர். எங்கள் ஒரே மகள் வள்ளிநாயகி அங்கே நாலாம் வகுப்பு. நான் ஊருக்குள் பெண்கள் பள்ளியில் படிப்பிக்கிறேன்.

வெள்ளிக்கிழமைதோறும் பள்ளிக்கூடம் ரோனியோ இயந்திரத்தில் உருட்டி அடித்த ஒரு தாள் வெளியிடும். போன வாரம் நடந்தது மேலே, வரும் வாரம் நடக்கப்போவது கீழே. முழுவதும் ஆங்கிலம். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த வீடுகளுக்குத் தாள் போகும். மற்ற வீடுகளுக்குத் தாளை வீணாக்காமல் ஒரு ஒழுங்கு செய்திருந்தார்கள்: பியோன் குலசிங்கம் வாசல் வாசலாகப் போய், தாளில் உள்ளதை வாயால் சொல்லவேண்டும். அதனால் ஊரில் எங்களைப் போன்ற வீடுகளுக்குத் தாள் வீடு என்று பெயர், மற்றவற்றுக்கு வாய் வீடு. தாள் வீடு என்பதில் எங்களுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. தாளை மடிக்காமல் முன் கூடத்து மேசையில் வைப்போம், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று.

குலசிங்கத்தார் சல்லிக் கடற்கரையில் கரைவலை இழுத்தவர். வலை இழுக்கும்போது அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுப்பது அவர்தான். அவர் குரலுக்குத்தான் அத்தனை பேரும் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். தோள் மூட்டு விலகிய பிறகு வலைக்கு ஆகாமல் போய், பள்ளிக்கூடத்தில் மணியடிக்க வந்தார். தோள் போனாலும் குரல் போகவில்லை. அவர் சொல்லும் செய்தி தாளில் இருக்கும் செய்தி மாதிரியே இராது. தாளில் "கிரேக்க மாணவன் ஒருவனுக்கு உடல்நலக் குறைவு" என்று இருந்தால், வாசலில் அவர், "கிரேக்கக் கப்பித்தானிட மகன் பச்சை மாங்காய் திண்டிட்டு, பைபிள் வாசிக்கேக்குள்ள துரையிட சப்பாத்தில சத்தி எடுத்துப் போட்டான்" என்பார்.

வள்ளிக்கு இது தெரியும். வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தால் இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கும் சுபைதாவின் வீட்டுக்கு ஓடிவிடுவாள். சுபைதாவின் மகள் றம்லா இவளோடு படித்தவள். திரும்பி வந்து என்னோடு சண்டை பிடிப்பாள்.

"எங்கட வீட்டுக்கு ஏனம்மா குலசிங்கம் மாமா வாறேல்லை?"

"எங்களுக்குத்தானே தாள் வருது."

"தாளில ஒண்டும் இல்லை. இங்கிலீசு தெரியாட்டி நல்லா இருந்திருக்கும்."

நான் சிரித்தேன்.

நாற்பத்திரண்டாம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொழும்பில் யப்பான்காரன் குண்டு போட்டான். அடுத்தது திருகோணமலைதான் என்று சொல்ல யாரும் சாத்திரம் பார்க்கவேண்டியிருக்கவில்லை. கப்பல்துறையும் எண்ணெய்த் தாங்கிகளும் இங்கேதானே இருக்கின்றன. தம்பலகாமம் போகிற வீதியெல்லாம் மாட்டுவண்டி. எங்களால் போக முடியவில்லை. கப்பல்துறையை விட்டுப் போகிறவனுக்கு வேலை இல்லை என்று என் கணவருக்குக் கட்டளை.

அந்த வாரம் விடுமுறை. ஆனால் வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் நாடுகள் தின விழாவுக்கு ஒத்திகை என்று முன்பே தாளில் வந்திருந்தது. யாரோ பெரிய கடற்படை அதிகாரி விழாவுக்கு வருகிறாராம். ஒவ்வொரு நாட்டுப் பிள்ளையும் தன் நாட்டுக் கொடியைப் பிடித்து நடக்கவேண்டும். எங்களுக்கென்று கொடி இல்லை. சீனப் பிள்ளை ஒருத்தி குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டதால், அவளுடைய கொடியை வள்ளிக்குக் கொடுத்திருந்தார்கள். சொந்தக் கொடி இல்லாத பிள்ளைக்கு யாருடைய கொடியையும் கொடுக்கலாம்தானே.

ஒத்திகை நடக்குமா என்று பெற்றோர் கேட்கத் தொடங்கியதும், புதன்கிழமை பள்ளிக்கூடத்துத் தலைமைத் துரை இன்னொரு தாள் அடிப்பித்தார். அது எனக்கு மனப்பாடம். "வதந்திகளைப் பொருட்படுத்த வேண்டாம். ஒத்திகை அறிவித்தபடியே நடைபெறும். மைதானத்தில் பதுங்குகுழி ஆயத்தமாக உள்ளது."

அந்தப் பதுங்குகுழியை வெட்டியது குலசிங்கத்தார்தான். தனி ஆளாக, விலகிய தோளோடு. பாறை வந்ததும் நிறுத்திவிட்டார். தாளைக் கையில் வாங்கியதும், ரோனியோ அடிக்கிற அபூதாஹிரிடம் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு நேரே துரையிடம் போயிருக்கிறார். அங்கே நடந்ததைப் பிறகு எனக்குச் சொன்னது அபூதாஹிர்.

"துரை, குழி என்ர முழங்கால் ஆழத்துக்கும் காணாது. ஆயத்தம் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"நாளைக்குள் பெரிதாக்கலாம். நீ போய்ச் சொல்."

"நாளைக்கு விடிய ஏழு மணிக்கெல்லோ பிள்ளையள் வருகுதுகள்."

"குலசிங்கம், தாளில் வந்தது மாறாது. இந்தப் பள்ளியில் ஒருபோதும் மாறியதில்லை."

சரி என்று சொல்லிவிட்டுத்தான் அவர் வெளியே போயிருக்கிறார்.

அன்று பின்னேரம் வாய் வீடு ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். சுபைதா சொன்னாள்:

"வெள்ளிக்கெழமை வார மனிசன் புதன்கெழமை வந்து நிக்காரு. என்ன அண்ணே, நாள் மாறிப் போச்சா, இல்ல தேத்தண்ணிக்கு வந்தீங்களாண்டு நான் பகிடி பண்றன். மனிசன் சிரிக்கல்ல. 'தங்கச்சி, தாளில வரச்சொல்லிக் கிடக்கு. நான் வரவேணாமெண்டு சொல்லுறன். பிள்ளையை அனுப்பாதையுங்கோ. ஏலுமெண்டால் இண்டைக்கே கிண்ணியாவுக்குப் போங்கோ' எண்டாரு. அப்ப தாளு பொய்யாண்டு கேட்டன். 'தாளை நான் வாசிக்கேல்லை. குழியை நான் வெட்டினனான்' எண்டாரு. அதுக்குப் பொறகு நான் உலை வெக்கல்ல. புள்ளையளோட தோணிக்குப் போயிட்டன்."

இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்த எங்கள் வீட்டுக்கு அவர் வரவில்லை. தாள் வீட்டு வாசலுக்கு அவர் போகக்கூடாது என்பது பள்ளிக்கூட ஒழுங்கு. எங்களிடம் தாள் இருந்தது. புதன்கிழமையானபடியால் வள்ளியும் றம்லா வீட்டுக்குப் போகவில்லை.

காலையில் என் கணவர் வேலைக்குப் போகும் வழியில் அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் வாசலில் இறக்கிவிட்டார். சப்பாத்துக்கு வெள்ளை பூசி முதல் நாளே காயவைத்திருந்தாள்.

அன்று மைதானத்துக்கு வந்தது தாள் வீட்டுப் பிள்ளைகள் மட்டும். ஆங்கிலேயப் பிள்ளைகள் கூட முக்கால்வாசிப்பேர் வரவில்லை. அவர்களுடைய தகப்பன்மார் கடற்படையில், அவர்களுக்குத் தாளைவிட நல்ல இடத்தில் இருந்து செய்தி வந்திருக்கும். வெறும் மைதானத்தைப் பார்த்துத் துரை கேட்டிருக்கிறார், மற்றவர்கள் எங்கே என்று.

"நான்தான் வரவேண்டாமெண்டனான்" என்றிருக்கிறார் குலசிங்கத்தார்.

"இந்த நிமிசத்தோடு உனக்கு வேலை இல்லை. வெளியே போ."

அவர் போகவில்லை. பிள்ளைகளைப் பிடித்துப் படலைக்கு வெளியே தள்ளத் தொடங்கினார். "வீட்டை ஓடு, வீட்டை ஓடு" என்று கத்தியதை வீதியில் போனவர்களும் கேட்டிருக்கிறார்கள். துரை ஒரு பக்கம் வரிசையில் நில்லுங்கள் என்கிறார், பியோன் ஒரு பக்கம் ஓடுங்கள் என்கிறார். பிள்ளைகள் யார் சொல்லைக் கேட்கும்? சிலது ஓடியது, சிலது நின்றது. அதற்குள் விமானங்கள் வந்துவிட்டன. அவர் கைக்கு எட்டிய இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வீதி மதகுக்குள் விழுந்தார். துரை தான் இருந்து தாள் அடிப்பிக்கும் கந்தோரின் கல்லுச் சுவருக்குப் பின்னால் போய்விட்டார்.

வள்ளி மைதான நடுவில் நின்றாள். கொடி நிலத்தில் படக்கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆளைவிட நீளமான கம்பு. கொடியைப் போட்டுவிட்டு ஓடலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதற்கு மேல் அதை நான் எழுதமாட்டேன்.

பள்ளிக்கூடம் மலைநாட்டுக்கு மாறிப் போனது. அங்கிருந்தும் தாள் வந்தது, தபாலில். மேலே நடந்த செய்தி: ஒத்திகைக்கு வரவு குறைவாக இருந்தது, கட்டளைக்கு மாறாக வதந்தி பரப்பிய பியோன் நீக்கப்பட்டார், ஒரு மாணவியின் பெற்றோருக்கு அனுதாபம். ஒரு மாணவி. பெயர் இல்லை. கீழே நடக்கப்போகும் செய்தி: பள்ளிக்குச் சொந்தமான கொடிகளை வைத்திருப்பவர்கள் உடனே திருப்பி அனுப்பவேண்டும்.

என் கணவர் அதை வாசித்துவிட்டு மடித்து வைத்தார். நான் எடுத்து அடுப்பில் போட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை குலசிங்கத்தார் எங்கள் வாசலுக்கு வந்தார். முதல் முறை. நான் அவரை உள்ளே கூப்பிடவில்லை.

"இண்டைக்கோ உங்களுக்கு எங்கட வீடு தெரிஞ்சது?"

"தெரியும் ரீச்சர்."

"சுபைதா வீட்டுக்குப் போகத் தெரிஞ்ச காலுக்கு இஞ்ச வர ஏலாமப் போச்சோ?"

அவர் தலையைக் குனியவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "படிச்ச ஆக்கள், தாளைப் பார்த்தவுடன பொய்யெண்டு விளங்கியிருப்பினம் எண்டு நினைச்சிட்டன். விடிய வாசலில பிள்ளையளைக் காணேக்குள்ளதான் தெரிஞ்சது, நீங்கள் எல்லாரும் நம்பியிருக்கிறியள் எண்டு."

கதவை அடித்துச் சாத்தினேன். அடுத்த வெள்ளியும் வந்தார், அதற்கடுத்ததும் வந்தார். கதவு திறக்காவிட்டால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார். அவர் மேல் இருந்த ஆத்திரம் எத்தனை நாளைக்கு நிற்கும்? அவர் தாளை நம்பாத மனிதர். எங்களை நம்பினார், அவ்வளவுதான். ஒரு வெள்ளிக்கிழமை கதவைத் திறந்து, "சொல்லுங்கோ" என்றேன்.

சொன்னார். சிதறிப்போன பிள்ளைகள் யார் யார் எங்கே என்ற செய்தி. றம்லா கிண்ணியாவில் குர்ஆன் ஓதப் போகிறாள். சீனத் தச்சரின் மகனுக்குத் தம்பலகாமத்தில் காய்ச்சல் பிடித்து மாறிவிட்டது. கடைசியில், குரலைத் தாழ்த்தாமல், மற்றச் செய்திகளைச் சொன்ன அதே குரலில் சொன்னார்: "நாலாம் வகுப்பு வள்ளிநாயகி, அண்டைக்கு விடிய வாசலில என்னட்டைக் கேட்டவ, 'மாமா, இந்தக் கொடிக்காரப் பிள்ளை திரும்பி வந்தால் நான் எதைப் பிடிக்கிறது?' எண்டு." அதை எல்லா வாசலிலும் சொல்லிவிட்டுத்தான் வருவதாகவும் சொன்னார். தாள் பெயர் போடாத பிள்ளையின் பெயர் இந்த ஊரில் வாசல் வாசலாகப் போயிருக்கிறது.

வேலை போன பிறகு சீனன்குடாவில் விமானத் தளத்துக்குக் கல் சுமந்தார். அந்தத் தோளோடு. வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் எந்தக் கங்காணி சொன்னாலும் வேலையில் நிற்கமாட்டார். ஊர் சுற்ற வந்துவிடுவார். போன வருடம் பள்ளிக்கூடம் திரும்பி வந்தது. அதே துரை, அதே ரோனியோ. குலசிங்கத்தாரை யாரும் கூப்பிடவில்லை. அவர் மனைவி அன்னலட்சுமி ஒருமுறை போய்க் கேட்டதற்கு, ஒழுங்கு மீறியவரை எடுப்பதில்லை என்றார்களாம். மழைக் காய்ச்சலோடு கல் சுமந்து, நெஞ்சில் சளி கட்டி, இந்தத் தையில் போய்ச் சேர்ந்தார்.

இப்போது இறுதிவரை விசுவாசமாகப் பணியாற்றியவர்.

நேற்று வெள்ளிக்கிழமை. வந்த தாளை அப்படியே கொண்டுபோய்ப் பள்ளிக்கூடக் கந்தோரில் வைத்தேன். எங்கள் வீட்டுக்கு இனித் தாள் வேண்டாம் என்றேன். அபூதாஹிர் எழுந்து நின்று, "அப்ப ஒங்களுக்குச் செய்தி எப்பிடி வரும் ரீச்சர்?" என்று கேட்டான். நேரே சுபைதாவின் வாசலுக்குப் போனேன். அவள் என்னைக் கண்டதும் உள்ளே போய் ஒரு கதிரை கொண்டுவந்து போட்டாள்.

"இருங்க ரீச்சர்."

"வேண்டாம். குலசிங்கத்தார் இருந்தோ சொன்னவர்?"

"இல்ல, நிண்டுதான் சொல்லுவாரு."

நின்றுகொண்டே சொன்னேன். வரும் வியாழக்கிழமை மைதானத்தில் கொடி விழா. போன முறை அந்த மைதானத்தில் இருந்த குழி முழங்காலுக்குக் காணாது. அதை வெட்டி, அதைச் சொன்னதற்காக வேலையால் நிறுத்தப்பட்டவர் சல்லிக் குலசிங்கம். இறுதிவரை அல்ல. கொடி பிடித்து நின்று செத்த பிள்ளையின் பெயர் வள்ளிநாயகி.

சுபைதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அடுத்த வாசலுக்குப் போனேன்.