சரளை மேல் விரித்த ஜமுக்காளம்

பட்டாளத்தில் எங்களுக்கு ஜூடோ கற்றுக்கொடுத்தவர் முதல் இரண்டு மாதம் விழ மட்டுமே பழக்கினார். தாடையை நெஞ்சோடு ஒட்டு, கையை ஊன்றாதே, உள்ளங்கையால் மெத்தையை அறை. எதிராளியைத் தூக்கிப் போடுவதெல்லாம் அதற்கப்புறம்தான். அப்படி விழுந்து விழுந்தே தேசிய சாம்பியன் ஆனேன். அறுபதுகளின் நடுவில் லீவுக்கு விராலிமலை வந்தபோது ஊரில் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எச்சில் கசக்கிறது.

ஜப்பான் வித்தையைக் காட்டியே ஆக வேண்டும் என்றார் கூட்டத் தலைவர். யாரைப் போடுவது என்று கேட்டேன். லாரியில் கடலை மூட்டை ஏற்றி இறக்கும் ஒருவரைக் கூட்டிவந்து நிறுத்தியிருந்தார்கள். நாற்பது வயதிருக்கும். ஒரு புது வேட்டிக்குச் சம்மதித்திருந்தார். அவருக்கு விழத் தெரியாதே என்றேன்.

"விழுறதுக்கு என்னப்பா படிப்பு?" என்றார் தலைவர். வெற்றிலைச் சாறு அவர் மோவாயில் வழிந்தது. மேடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

தரை முழுக்கச் சரளை. முழங்கால் உயரத்துக்கு வைக்கோல் கேட்டிருந்தேன். வேட்டியில் ஒட்டும் என்று பெரிய மனிதர்கள் வேண்டாம் என்றார்களாம். ஒரு ஜமுக்காளத்தை விரித்துவிட்டார்கள். அப்போதே நான் கிளம்பியிருக்க வேண்டும். மாலை போட்ட கழுத்து, திரும்பவில்லை.

"தயங்காமப் போடுங்க தம்பி. மூட்டை சுமந்த ஒடம்பு, ஒண்ணும் ஆகாது" என்றார் மூட்டை தூக்குபவர்.

முதல் முறை, தூளியில் பிள்ளையைக் கிடத்துவது போல மெல்லக் கிடத்தினேன். கூட்டம் சலித்துக்கொண்டது. "என்ன தம்பி, தாலாட்டா?" என்று தலைவர் மைக்கிலேயே கேட்டார். அந்த வெற்றிலை வாயிடம் நல்ல பேர் வாங்க ஆசைப்பட்டேன் பாருங்கள், அதைத்தான் இன்னும் விழுங்க முடியவில்லை. இரண்டாம் முறை இடுப்பில் ஏற்றி நிஜமாகவே வீசினேன். எதிராளியின் சட்டைக் கையை விடாமல் பிடித்திருந்தால் அடி குறைவாகப் படும். இவர் வெற்றுடம்பு. வியர்வையில் என் பிடி வழுக்கியது. விழத் தெரியாத எவரும் செய்வதை அவரும் செய்தார், கையை ஊன்றினார். தோளில் சத்தம் கேட்டது. கைதட்டலில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை.

கிடந்தபடியே கேட்டார், "நல்லா விழுந்தேனா தம்பி?"

தலைவர் அவரைத் தாண்டி வந்து, போட்டோவுக்கு என் தோளில் கை போட்டார். நானும் நின்றேன்.

அடுத்த லீவில் அவரைத் தேடிப் போனேன். வலது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. மூட்டை சுமக்க முடியாமல், கிழிந்த சாக்குகளைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டார்.

"இங்கிட்டு வாங்கப்பா. நம்மளத் தூக்கிப் போட்ட சாம்பியன் இவருதான்."

முகமெல்லாம் பெருமை. எனக்கு டீ வேறு வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். கேட்க வந்ததைக் கேட்காமலே பஸ் ஏறினேன்.