வீட்டில் யார் தேடுவார்கள்?

"பேரு என்னா தம்பி? வூட்டுல யாரு தேடுவாங்க?"

கைதாகி வரும் எவரிடமும் சார்ஜன் திருநாவுக்கரசு முதலில் கேட்பது இதைத்தான். என்ன செய்தாய் என்று கேட்பதில்லை. "அது கோர்ட்டு வேல. என் வேல லோக்காப்பு" என்பார்.

ஜார்ஜ் டவுன் காவல் நிலையம் ஒன்றில் தடுப்பறை அவர் பொறுப்பு. சீருடையை அவரே தேய்த்துக்கொள்வார். மனைவி நவமணி தேய்த்து வைத்தால் மடிப்பு சரியில்லை என்று மறுபடியும் தேய்ப்பார். கம்பிக்குள் இருப்பவரை எண் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பெயர்தான். ஆறிய கோப்பியை அவரும் குடிக்க மாட்டார், உள்ளே இருப்பவருக்கும் கொடுக்க விடமாட்டார். ஒரு விஷயத்தை மட்டும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வார்: "என் லோக்காப்புக்கு வந்தவன் எவனும் வூட்டுக்குக் காணாமப் போனவன் இல்ல."

ஒரு பிற்பகல் கமாலைக் கொண்டுவந்தார்கள். நாசி கண்டார் சோற்றுக் கடைச் சமையல்காரர். மீன் வாங்க ஜெலுத்தோங் பாசாருக்குப் போனவரை, திருட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார் என்ற சந்தேகத்தில் வழியிலேயே பிடித்திருந்தார்கள். கைப்பேசியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

"அண்ணே, போன் அப்புறம் குடுக்கலாம் லா. மொதல்ல நான் விசாரிக்கிறேன்" என்றார் இளம் இன்ஸ்பெக்டர் தயாளன்.

பிடிபட்டவர் உறவினரோடும் வழக்கறிஞரோடும் பேசலாம். அதைத் தள்ளிப்போட மேலதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும். இது இருவருக்குமே தெரியும்.

"பெரிய துவான் கையெழுத்து கொண்டாங்க, நிறுத்தி வைக்கிறேன். இல்லாட்டி அவரு பேசட்டும் துவான்" என்று, இளையவரானாலும் மேலதிகாரியை மலாய் மரியாதைச் சொல்லால் அழைத்தே சொன்னார் சார்ஜன்.

"நான் ரிப்போர்ட் போட்டா, பென்ஷன் நேரத்துல கஷ்டம் அண்ணே."

சார்ஜனுக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஆனாலும் கமாலை விசாரணைக்கு ஒப்படைக்க அறைச் சாவியை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை.

"போடுங்க துவான். அதுல நடந்தத மட்டும் எழுதுங்க."

தயாளன் விருட்டென்று வெளியேறினார். சார்ஜன் கமாலை அறையிலிருந்து வெளியே அழைத்து, மேசைத் தொலைபேசியை அவர் பக்கம் நகர்த்திவிட்டுத் தள்ளிப்போய் முதுகு காட்டி நின்றார். அப்படியும் மறுமுனையில் கமாலின் மனைவி ஹாஜராவின் குரல் அவர் காதில் விழுந்தது.

"உசுரோட இருக்கீங்களா?"

கைப்பேசியை எடுக்காததால், கணவர் எங்கோ விபத்தில் அடிபட்டுவிட்டார் என்று எண்ணி, அவள் மருத்துவமனைப் பிணவறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சார்ஜன் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

ஹாஜரா அனுப்பிய வழக்கறிஞர் சுபாஷினி அன்று மாலையே கமாலிடம் பேசினார். காணாமல் போன வண்டி வேறு, இது வேறு. எண் பலகையில் ஓர் எழுத்தைத் தவறாக வாசித்திருந்தார்கள். மறுநாள் காலை மாஜிஸ்திரேட்டிடம் அதை எடுத்துச் சொன்னார். காவல் நீட்டிப்பு கிடைக்கவில்லை, கமாலை விட்டுவிட்டார்கள். தயாளன் ரிப்போர்ட் எதுவும் போடவில்லை. சார்ஜனோடு முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

கமால் தம் பொருள்களை வாங்கிக்கொள்ள நிலையத்துக்கு வந்தார். வெளியே ஹாஜரா காத்திருந்தாள். கமால் திரும்ப வாங்கிய சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு, கயிறு கட்டத் தரையில் குந்தினார்.

"கீழ வேணாம் தம்பி."

சார்ஜன் எழுந்து தமது நாற்காலியை அவரிடம் இழுத்துப் போட்டார். கமால் இரண்டாவது முடிச்சையும் போட்டு முடிக்கும்வரை, பக்கத்தில் நிமிர்ந்து நின்றார்.