முட்டில்லாத உத்தரம்

தாராவியில் எங்கள் வீட்டு மாடிக்கு என் வீட்டுக்காரர் ஓர் உத்தரம் செய்தார். தேக்கில்லை, இரும்பில்லை. அவர் பட்டறையில் பழப்பெட்டி அடிக்கும் அதே இலேசான, மலிவான மரம். மெல்லிய பலகைகளாக அறுத்து, கணு விழுந்ததைத் தள்ளி, பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கிளாம்பில் இறுக்கிக் காயவைத்து, மாடித் தளத்துக்கு அடியில் ஏற்றினார்.

"பெட்டிப் பலகைல மாடியா? சிரிக்கப் போறானுவ," என்றான் அண்ணன். அவன் கொத்தனார், கனமில்லாத எதையும் நம்பமாட்டான்.

பாரம் ஏற்றிப் பார்க்கலாம் என்று, காலையில் தண்ணீர் வந்ததும் வீட்டுக்காரர் மாடியில் ஏறி, உத்தரத்துக்கு நேர்மேலே வைத்த டிரம்களில் தண்ணீர் பிடித்தார். கீழே நானும் அண்ணனும். பாதி நிறைந்தபோது மரம் ஒருமுறை முனகியது. அண்ணன் ஓடிப்போய் ஓர் இரும்புக் குழாயை உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்து, அடியில் ஆப்பு வைத்து இறுக்கினான்.

"மாப்பிள்ளைட்ட சொல்லாதட்டி. நிக்கட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனி மாடி நின்றால் இரும்புதான் தாங்கியது என்பான், ஆயுசுக்கும் சொல்வான்.

"எடுண்ணே," என்றேன். அவன் அசையவில்லை.

டிரம்கள் தளும்பின. சுத்தியலை எடுத்து ஆப்பை நானே அடித்துத் தள்ளினேன். குழாய் தரையில் விழுந்து உருண்டது. மேலே அவர் நிற்கிறார் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

"கீழ என்னட்டி சத்தம்?"

நிமிர்ந்து பார்த்தேன். உத்தரம் அப்படியே இருந்தது. அண்ணன் வெளியே சந்தில் நின்றுகொண்டிருந்தான்.

"ஒண்ணுமில்ல," என்றேன். "இன்னொரு டிரம் வைங்க."