நாலுக்கு ஐந்தில் ஒரு வாக்கர்

ப்ளம்பர் வேலையில் ஒழுகும் குழாயை நிறுத்திவிடலாம். "பாய், எங்கிட்ட ஒரு ஐடியா இருக்கு" என்று ஆரம்பிக்கும் வீட்டுக்காரரை நிறுத்த முடியாது. பாத்ரூம் கதவைச் சாத்துவதற்காகப் பக்கெட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளும் உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

ஆம்பூரில் தேவராஜ் வீட்டு பாத்ரூம் நாலடிக்கு ஐந்தடி. அவருக்கு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் வேலை. மனைவி ஸ்டெல்லாவுக்கு வேலூரில் முழங்கால் ஆபரேஷன் நடந்திருந்தது. இனிமேல் குந்தி உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை ஸ்டெல்லா வீட்டுக்கு வருவதற்குள் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தாக வேண்டும்.

அட்டை பாத்ரூம்

திங்கட்கிழமை போனபோது தேவராஜ் தரையில் மண்டியிட்டிருந்தார். கம்மோடு, வாஷிங் மெஷின், வாஷ்பேசின், பக்கெட், அழுக்குக் கூடை எல்லாவற்றையும் சரியான அளவில் அட்டையில் வெட்டி பாத்ரூம் தரையில் பரப்பியிருந்தார். தோல் வீணாகாமல் பேட்டர்ன் வைத்து வெட்டுகிற கை அது. கம்மோடின் வளைவுக்குள் பக்கெட்டின் வட்டம் போய் உட்கார்ந்திருந்தது. ஒரு விரல் நுழைய இடம் இல்லை.

"பிரமாதம் சார். ஆள் எங்கே நிற்பது?" என்று கேட்டேன். மனிதர் தாடையைத் தடவிக்கொண்டு நிஜமாகவே யோசித்தார்.

"அது ஒண்ணுக்குத்தான் பாய் அட்டை வெட்டல. ஒரு காலு இங்க, ஒரு காலு அங்க வெச்சிக்கினா போதாது?"

கதவு

புதன்கிழமை கம்மோடு வைத்தாயிற்று. மெஷினும் அதன் மூலைக்குப் போய்விட்டது. கதவு உள்பக்கம் திறந்து கம்மோடில் இடித்து, பாதியில் நின்றது. வெளிப்பக்கம் திருப்பலாம் என்றேன். வெளியே ஃப்ரிட்ஜ் இருக்கிறதாம், அதை நகர்த்த முடியாதாம். டவுன் பஸ்ஸில் ஏறுவது போல ஒருக்களித்து நுழைந்தால் போதும் என்று அவரே நுழைந்து காட்டினார். சிமென்ட் காயவில்லை, உட்காராதீர்கள் என்று கத்தினேன். உட்காருவது போல அந்தரத்தில் நின்றார். முட்டி கதவில் இடித்தது. உள்ளே ஏதோ உருண்டது, ஏதோ விழுந்தது. பிறகு கதவு சாத்திக்கொண்டது, உள்ளேயிருந்து வெற்றிக் குரல் வந்தது.

"பாருங்க பாய், சாத்திடுச்சு! ஒரு கால மட்டும் தூக்கி மெஷின் மேல போட்டுக்கணும், அவ்ளோதான்!"

வெள்ளிக்கிழமை போன்

காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டெல்லா பேசினார். வாக்கர் கொடுத்திருக்கிறார்களாம், ஒன்றரை மாதம் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டுமாம். அகலம் இரண்டடி. எங்கள் கதவும் இரண்டடி, அதுவும் சட்டத்தோடு சேர்த்து! எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஐந்து நாளாக இரண்டு ஆண்பிள்ளைகள் பக்கெட்டுக்குக்கூட இடம் பார்த்தோமே தவிர, அந்தம்மா எப்படி நடப்பார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

தேவராஜ் பழைய அட்டைகளை மறுபடி பரப்பி, வாக்கருக்கும் ஒரு அட்டை வெட்டினார். வைக்க இடமில்லை. கூடையை எடுத்தார், பக்கெட்டை எடுத்தார், வாஷ்பேசினை எடுத்தார். மெஷின் அட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, "வேஸ்டேஜ் ஜாஸ்தியாவுது பாய்" என்று முனகினார். "அது வேஸ்டேஜ் இல்ல சார், உங்க சம்சாரம்" என்றேன், கொஞ்சம் சூடாகவே. அட்டையை நான்காக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"சரி, ஒரு கை புடிங்க. மெஷின ஹாலுக்குத் தள்ளிடலாம்."

சனிக்கிழமை

சாயங்காலத்துக்குள் சுவரை இடித்து இரண்டரை அடிக் கதவு, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டியிருந்தேன். கைப்பிடிக் கம்பியும் வைத்தேன். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வாஷ்பேசின், சோபாவை ஒட்டி மெஷின், கட்டில் தலைமாட்டில் ஃப்ரிட்ஜ். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கிய ஸ்டெல்லா எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தார். வாக்கரோடு நேராக பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பத்து நிமிஷம் ஆயிற்று, இருபது நிமிஷம் ஆயிற்று. சத்தமே இல்லை. தேவராஜுக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கு நான் மாட்டிய கம்பி மேலேயே சந்தேகம் வந்தது. "ஸ்டெல்லா! இன்னா ஆச்சும்மா? விழுந்துட்டியா?" என்று கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து நிதானமாகப் பதில் வந்தது.

"ஒண்ணும் ஆவலங்க. சும்மா நிக்கிறேன். கல்யாணமாகி வந்ததுலருந்து இதுக்குள்ள ரெண்டு கையயும் நீட்டி நின்னதே இல்ல, கொஞ்ச நேரம் நின்னுட்டு வர்றேன்."

ஆக, சின்ன பாத்ரூமில் இடம் உண்டாக்க நானறிந்த ஒரே தொழில்நுட்பம், அதிலிருக்கும் சாமான்களை ஹாலில் டிவி பார்ப்பவர் தலையில் கட்டிவிடுவதுதான்.