என் மகளிடம் கடி வாங்க வந்தவர்கள்

எங்கள் ஊரில் ஒரு வசதி உண்டு. யாராவது தனக்குத்தானே பேசிக்கொண்டு தெருவில் போனால், பைத்தியம் என்று முடிவுகட்ட நாங்கள் அவசரப்பட மாட்டோம். ஒருவேளை சித்தராக இருந்துவிட்டால்? மலையைச் சுற்றித் திரியும் சாமியார் ஒருவர் கல்லை விட்டெறிந்து மண்டை உடைந்தாலும், உடைந்தவர் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு கும்பிடுவார். நானே ஒருமுறை அப்படி ஒருவரிடம் எச்சில் துப்பல் வாங்கி, நல்லது ஏதோ நடக்கப்போகிறதென்று ஆறு மாதம் காத்திருந்தவன். ஒன்றும் நடக்கவில்லை. சளிதான் பிடித்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. பஸ் ஸ்டாண்டில் தனியார் வண்டிகளுக்கு நான் டைம் கீப்பர். கையில் நோட்டு, வாயில் விசில். ஒரு நிமிஷம் கூடுதலாக நிற்கிற டிரைவரின் பரம்பரையையே எல்லோர் காதிலும் விழும்படி விசாரிப்பேன். கூட்டம் சிரிக்கும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து, நாற்பது வயதில் எனக்கு ஒரு பெண் பிறந்தாள். இரண்டு வயதில் அவள் சொன்ன நாலைந்து வார்த்தைகளும் மூன்றாவது வயதில் காணாமல் போயின.

நாலரை வயதில் அவள் இப்படி இருந்தாள்: கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கோயில் மணி, குக்கர், என் விசில் எது கேட்டாலும் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை மோதுவாள். வழக்கமாகப் போகிற வழி மாறினால் நடுத்தெருவில் மல்லாந்து படுத்துவிடுவாள். தூக்கப் போனால் கடி. பால்வாடி டீச்சர் மூன்றாம் நாளே கையெடுத்துக் கும்பிட்டார். "சார், மீதி முப்பது புள்ளைங்களை நான் பார்த்துக்கறேன். இந்த ஒண்ணை நீங்க பார்த்துக்கங்க."

நான் பதறாத ஆள். ஒருநாள் அவள் நெற்றி புடைத்துக்கொண்டதும் நிதானமாக அவளைத் தூக்கிக்கொண்டு, செருப்பை மறந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சீட்டு எழுதுகிறவர் பேர் கேட்டார். என் பேரைச் சொன்னேன். வயசு? நாற்பத்தஞ்சு. உடம்புக்கு என்ன? சொல்லத் தெரியாமல் அழுதுவிட்டேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஊசியை எனக்குப் போட்டிருப்பார்கள்.

அங்கிருந்த டாக்டர் அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சத்து கம்மி. சில புள்ளைங்க லேட்டாத்தான் பேசும்" என்று டானிக் எழுதினார். அவள் தொடவில்லை. வீணாகக் கூடாதென்று நான் குடித்தேன். ஏற்கெனவே ஜாஸ்தி பேசுகிறவன். என் மனைவிக்கு இரட்டைத் தண்டனை.

அவளுக்கு அது போதாதென்று தெருக்குழாயடி வேறு. "செல்லம் ஜாஸ்தி." "நாலு போட்டா அடங்கிடும்." "வயசான காலத்துல பெத்தா இப்படித்தான்." கூட்டம் கலைந்தபிறகு, குழாயில் நூல்மாதிரி தண்ணீர் வரும் நேரத்தில்தான் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போவாள்.

அந்தச் சமயத்தில்தான் தேரடி வீதியில் வெல்ல மண்டி வைத்திருந்த பெரியவர் என் மகளின் கன்னத்தைக் கிள்ளினார். அவள் அவர் புறங்கையில் கடித்தாள். நாலு பல் பதிந்தது. நான் அவர் காலில் விழாத குறை. இரண்டு நாள் கழித்து அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். போலீசோடு வருவார் என்று நினைத்திருந்தேன். தட்டோடு வந்திருந்தார். தேங்காய், பழம், இரண்டு முழம் பூ.

"பத்து வருஷமா மூஞ்சி குடுத்துப் பேசாத எந்தம்பி, நேத்து தானா வந்து கதவைத் தட்டினான்பா" என்றார். கையிலிருந்த காயத்தை விபூதி வைத்த மாதிரி காட்டினார். "இது சாமி குழந்தை. உனக்குத் தெரியல."

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆறு பேர் வந்தார்கள். அதற்கடுத்த செவ்வாய் பதினொரு பேர். ஒருவர் சுட்டுவிரலை நீட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றார். என் மகளோ கட்டிலுக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "எனக்கு மட்டும் இல்லியா? இன்னா பாவம்பா பண்ணேன்?" என்றார். வேண்டுமானால் நான் கடிக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எல்லாரையும் அனுப்பிடலாம்" என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள். "இன்னிக்குக் கொழாயடியில எனக்கு மொதல் கொடம் விட்டாங்க. அதே பொம்பளைங்கதான். நாலு நாள் இருந்துட்டுப் போகட்டுமே."

நாலு நாள் இருக்கட்டும் என்று விட்டேன். ஆனால் எனக்குச் சாமி வேண்டாம், வியாதியின் பெயர் வேண்டும். போர்டு மாட்டாத வண்டி எங்கே போகிறதென்று யாருக்குத் தெரியும்? பெயர் தெரிந்தால் மருந்தும் இருக்கும் என்பது என் கணக்கு. வேலூரில் குழந்தைகளின் மனசு பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் இருப்பதாக ஒரு கண்டக்டர் சொன்னார்.

"பைத்தியம்னு எழுதிக் குடுத்துட்டா இன்னா பண்றது?" என்றாள் மனைவி.

"எழுதட்டும். என்னான்னாவது தெரியணும்" என்றேன். தைரியமாகச் சொன்ன மாதிரிதான் ஞாபகம். பஸ் ஏறுவதற்குள் மூன்று முறை பாத்ரூம் போனேன்.

டாக்டரம்மா என் மகளைத் தொடவில்லை. தரையில் விட்டுவிட்டார். அவள் ஒரு பாட்டில் மூடியைச் சுழற்றினாள். அது நின்றதும் மறுபடி சுழற்றினாள். ஒரு மணி நேரம். டாக்டரம்மா பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டார்.

"உங்க குடும்பத்துல வேற யாராவது இப்படி?"

"எங்க மாமியார் கடிப்பாங்க டாக்டர். ஆனா பேச்சாலதான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பயந்தா இப்படித்தான் பேசுவீங்களா சார்?"

"தூக்கத்துல கூட இப்படித்தாங்க" என்றாள் என் மனைவி.

"இவ உங்களை அப்பான்னு கூப்பிட்டிருக்காளா?"

வாயைத் திறந்தேன். வேடிக்கையாக ஏதாவது வரும் என்று நானே எதிர்பார்த்தேன். வரவில்லை.

கடைசியில் அவர் மெதுவாகச் சொன்னார். "ஆட்டிசம்னு ஒண்ணு இருக்கு. அதுவா இருக்கலாம்னு தோணுது. நிச்சயமா சொல்ல இன்னும் பல தடவை பார்க்கணும். சத்தம், தொடறது, இதெல்லாம் அவளுக்கு வலிக்குது. அவளால அதைச் சொல்ல முடியல. கடிக்கிறா."

"மருந்து?"

"மருந்து இல்லீங்க."

"பேரு இருக்குது, மருந்து இல்லியா?"

"இல்ல." பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். "அம்மா, வளர்ப்புல தப்பு இல்ல. இன்னைக்கு அதை மட்டும் எடுத்துக்கிட்டுப் போங்க."

திரும்பி வரும்போது போளூர் தாண்டும்வரை என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பெயரை மறந்துவிடக் கூடாதென்று டிக்கெட்டின் பின்னால் எழுதி, எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தேன். மந்திரம் மாதிரி. ஊர் வந்தபோதும் அது வெறும் பெயராகவே இருந்தது.

வீட்டு வாசலில் வெல்ல மண்டிக்காரர் தட்டோடு காத்திருந்தார்.

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"மருந்து இல்லன்னுட்டாங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "நான் சொல்லல? டாக்டருக்கே புரியலன்னா, சாமிதான்பா."

என் மனைவி மகளை உள்ளே விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். "அண்ணே, அன்னிக்கு அவ கடிச்சப்ப உங்களுக்கு வலிச்சுதா?"

அவர் தயங்கினார். "வலிச்சுதும்மா. பொய் சொல்லக் கூடாது."

"நீங்க கன்னத்தைக் கிள்ளினது அவளுக்கு அதே மாதிரிதான் வலிச்சுதாம். அவ்ளோதாண்ணே விஷயம். இனிமே யாரையும் கூட்டிட்டு வராதீங்க."

அவர் தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு பழத்தை மட்டும் எடுத்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த செவ்வாய் ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த வாரம் குழாயடியில் எங்கள் குடம் மறுபடி கடைசிக்குப் போனது. "தப்பு பண்ணிட்டமா?" என்று கேட்டேன். "தெரியல" என்றாள். எனக்கும் தெரியவில்லை. இன்றுவரை.

மூன்றாம் மாதம் மறுபடி வேலூருக்குக் கிளம்பினோம். கார்த்திகை தீபத்துக்காகத் தெருவில் பந்தல்கால் நட்டிருந்தார்கள். வேறு வழியாகப் போக வேண்டியதாயிற்று. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எப்படியோ வந்த மகள், வண்டிகள் வெளியேறும் வாசலில் மல்லாந்து படுத்துவிட்டாள். வேலூர் போகும் ஏழு பத்து வண்டி அவளுக்கு நேரே வந்து நின்று ஹாரன் அடித்தது.

பழக்கதோஷம், சட்டைப்பையிலிருந்த விசிலை வாயில் வைத்துவிட்டேன். அவள் வண்டியைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தாள். இரண்டு கையும் காதுக்குப் போயின.

விசிலைத் துப்பினேன். வண்டிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா டைம் கீப்பரே, நீயே வண்டிய மறிக்கிற?" என்று ஜன்னலிலிருந்து ஒருவர் கத்தினார். கூட்டம் என் பதிலுக்காகக் காத்திருந்தது. டிரைவரைப் பார்த்து ஹாரன் வேண்டாம் என்று சைகை காட்டினேன். அவர் எஞ்சினையும் சேர்த்து நிறுத்தினார். என் மனைவி மகளுக்குப் பக்கத்தில், தொடாமல், மண்ணில் உட்கார்ந்தாள்.

மகள் எழுந்திருக்கும்வரை நானும் வண்டியும் நின்றோம். அன்று ஏழு பத்து வண்டி புறப்பட்ட நேரத்தை நான் நோட்டில் எழுதவில்லை.